பறத்தலுக்கு யார் சாட்சி?

பறக்கும் பறவையின் ஒளிப்படம் ஒன்றைப் பார்க்கிறோம். சிறகு முழுக்க விரிந்திருக்கிறது, இறகு நுனிகளைத் தனித்தனியே எண்ணிவிடலாம், பின்னால் வெறும் வானம். இந்தப் பறவை பறந்துகொண்டிருந்தது என்று அந்தக் கணமே நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை எந்த வாசல் வழியாக நமக்குள் வந்தது என்று கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், அறிவைப் பற்றிய பழைய கேள்வி ஒன்றும் அறத்தைப் பற்றிய பழைய கேள்வி ஒன்றும் அங்கே ஒரே முடிச்சாகக் கிடப்பது தெரியும். அறிவு வரும் வழியை நம் சமய நூல்கள் அளவை என்றன. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை அளவையைச் சொல்லித்தான் தொடங்குகிறார். பிறர் ஆறு என்றும் பத்து என்றும் விரித்தவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். கண் முதலிய புலன்களால் நேரே அறிவது காண்டல். அறிந்த ஒன்றைக்கொண்டு அறியாத ஒன்றை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. பறக்கும் பறவையின் படம் இந்த மூன்றில் எதைச் சேர்ந்தது? அது காண்டலின் உடையில் வரும் உரை என்பதே என் வாதம். உரையின் உண்மை உரைப்பவரின் ஒழுக்கத்தோடு கட்டுண்டது. ஆகவே, பறவையை விரட்டிப் பறக்கவைத்து எடுத்த படத்தை அறமற்றது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அது பொய் என்றும் சொல்லியாக வேண்டும்.

படம் காண்டல் ஆகாது என்பதை முதலில் பார்ப்போம். பறவைப் படம் எடுப்பவர்கள் பல ஆண்டுகளாகக் கையாண்டுவரும் டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி, எடுப்பவரின் கண்ணுக்கு அனுப்புகிறது. ஷட்டரை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி மேலெழுந்து, ஒளி சென்சாரில் விழ வழிவிடுகிறது. அப்போது வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். படத்தில் பதிந்த கணம் எதுவோ, சரியாக அந்தக் கணத்தில் எடுத்தவரின் கண்முன் இருட்டுதான் இருந்தது. கண்ணாடி இல்லாத புதிய கேமராக்களில் அந்த இருட்டு நீங்கியது, ஆனால் விந்தை கூடிவிட்டது. அவற்றில் சில, ஷட்டரை முழுக்க அழுத்துவதற்குச் சற்று முந்தைய ஃபிரேம்களையும் சேர்த்தே சேமிக்கின்றன. மீன்கொத்தி கிளையை விட்டெழுவதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, விரல் அழுத்துவதற்குள் பறவை போய்விடும். கேமராவோ அது எழுந்த கணத்தை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும். 1/3200 நொடியில் சிறகு நிற்கும் நிலையை எந்த மனிதக் கண்ணும் தனியே பிரித்துக் கண்டதில்லை. எடுத்தவருக்கே காண்டலாக இல்லாத ஒன்று, பார்க்கும் நமக்கு எப்படிக் காண்டலாகும்?

இன்னும் ஆழமான தடை ஒன்றும் உண்டு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க மெய்யியலாளர் ஸீனோ, பாயும் அம்பு உண்மையில் பாயவில்லை என்று வாதிட்டார். ஒவ்வொரு கணத்திலும் அம்பு தன் நீளத்துக்குச் சரியான இடத்தை நிரப்பிக்கொண்டு அசையாமல் இருக்கிறது. அசையாத கணங்களை எத்தனை சேர்த்தாலும் அசைவு எங்கிருந்து வரும் என்பது அவர் கேள்வி. கூர்மையாக எடுத்த பறவைப் படத்தைப் பார்த்தால் ஸீனோ வென்றுவிட்டார் என்றே தோன்றும். அரிஸ்டாட்டில் அதற்கு ஒரு விடை சொன்னார். காலம் என்பது கணங்களைக் கோத்த மாலை அன்று. கணம் காலத்தின் துண்டும் அன்று, காலத்தில் நாம் கிழிக்கும் எல்லைக்கோடு. கோட்டுக்கு அகலம் இல்லாததுபோல் கணத்துக்கு நீளம் இல்லை. எனவே ஒரு கணத்துக்குள் ஓடுதலும் இல்லை, நிற்றலும் இல்லை. இந்த விடையை ஏற்றால், ஒரு படத்துக்குள் மட்டும் தேடிப் பறத்தலைக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் ஏற்க வேண்டும். கேமராவின் கணத்துக்குச் சிறிது நீளம் உண்டுதான். ஆனால் அந்தச் சிறிதளவு அசைவையும் தெரியாமல் அழிப்பதற்குத்தான் ஷட்டரின் வேகத்தைக் கூட்டுகிறோம். படம் எவ்வளவு கூர்மையாகிறதோ, பறத்தல் அவ்வளவுக்கு அதிலிருந்து வெளியேறிவிடுகிறது. எஞ்சுவது சிறகின் நிலை. பறத்தல், அந்த நிலைக்கு முன்னும் பின்னும் இருந்தது.

அப்படியானால் அது கருதலா? விரிந்த சிறகு, உடலோடு ஒட்டிய கால், அடியில் நிலம் இல்லாமை ஆகியவற்றைக்கொண்டு பறத்தலை உய்த்துணர்கிறோம் என்று சொல்லலாம். புகையைக் கண்டு நெருப்பை உணர்வதுபோல. ஆனால் புகை நெருப்பில்லாமல் எழாது என்ற உறுதி இருந்தால்தான் அந்தக் கருதல் நிற்கும். சிறகின் நிலைக்கும் பறத்தலுக்கும் இடையே அப்படி ஒரு பிரியாத உறவு இல்லை. ஜான் ஜேம்ஸ் ஆடுபானின் 'அமெரிக்கப் பறவைகள்' 1827 முதல் 1838 வரை வெளிவந்தது. மொத்தம் 435 ஓவியத் தகடுகள். அவற்றில் பல பறவைகள் காற்றில் திரும்புகின்றன, பாய்கின்றன, இரையை மறிக்கின்றன. பெரும்பாலும் அவர் சுட்டு வீழ்த்திய பறவைகள் அவை. இறந்த உடலுக்குள் கம்பி செலுத்தி, கட்டம் கிழித்த பலகையில் உயிருள்ளதுபோல் நிறுத்தி, பார்த்து வரைந்தார். உலகம் போற்றும் அந்தப் பறக்கும் நிலைகளுக்கு மாதிரியாக இருந்தவற்றில் பறத்தலும் இல்லை, உயிரும் இல்லை. ஓவியத்தில் அது நடக்கும், ஒளிப்படத்தில் நடக்காது என்று சொல்வதற்கில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2009ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்றது, இரவில் வேலிக்கதவைத் தாண்டிப் பாயும் ஓர் ஓநாயின் படம். 2010 ஜனவரியில் அந்தப் பரிசு பறிக்கப்பட்டது. அது காட்டு ஓநாய் அன்று, பழக்கப்பட்ட விலங்காகவே இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுசெய்தார்கள். எடுத்தவர் அதை மறுத்தார். நமக்கு இங்கே முக்கியமானது ஒன்றுதான். பரிசு கொடுத்த நாளுக்கும் பறித்த நாளுக்கும் இடையே படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மாறியது, அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல்லின் மேல் இருந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கை விழுந்ததும் படமும் விழுந்துவிட்டது.

ஆக, எஞ்சுவது உரை. இங்கே பௌத்தர் ஒருவர் எழுந்து மறுக்கலாம். மணிமேகலையில் அறவண அடிகள் இரண்டு அளவைகளை மட்டுமே ஏற்கிறார். காட்சி, கருத்து ஆகிய இரண்டுக்குள் பிற எல்லாம் அடங்கும் என்பது அந்த மரபு. உரைப்பவர் நம்பத்தக்கவர், எனவே அவர் சொல் மெய் என்று நினைப்பதும் ஒருவகைக் கருதலே அல்லவா என்பார் அவர். அப்படியே இருக்கட்டும். அப்போதும் அந்தக் கருதல் சிறகின் நிலையிலிருந்து பிறக்கவில்லை, உரைப்பவரின் தகுதியிலிருந்து பிறக்கிறது. எந்தப் பெயரிட்டாலும் பாரம் அவர் தோளில்தான் இறங்குகிறது. அந்தத் தகுதி எது? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவருக்கு மூன்று இயல்புகளைச் சொல்கிறார். பொருளை நேரே அறிந்திருத்தல், உயிர்களிடத்து இரக்கம், உள்ளதை உள்ளபடி சொல்லும் விருப்பம். முதலாவதும் மூன்றாவதும் எவரும் எதிர்பார்ப்பவை. நடுவில் இரக்கம் ஏன் வந்தது? வேதத்தின் நம்பகத்தைப் பற்றிய பேச்சில் வருகிற இடம் அது, கேட்பவர்கள்மேல் கொண்ட இரக்கமே அங்கே கருதப்படுகிறது, பறவைகள்மேல் கொண்டது அன்று என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் அதன் அடியில் உள்ள காரணம் பறவைக்கும் பொருந்தும். இரக்கம் இல்லாதவருக்கு எதிரில் இருக்கும் உயிர் ஒரு கருவியாகிவிடுகிறது. கருவியாக்கிய ஒன்றைப் பற்றி ஒருவர் சொல்வதெல்லாம் தன் தேவையைப் பற்றிய சொல்லே. வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் சொல்லும்போது, நடந்ததோடு சொல் ஒத்திருப்பதை முதலில் கேட்கவில்லை. அந்தச் சொல்லால் எவர்க்கும் தீங்கு இல்லாதிருப்பதைக் கேட்கிறார். வாய்மைக்குள் இரக்கத்தை வைத்துக் கட்டியவர் அவர். இருவரும் இருவேறு மரபினர். உண்மை சொல்லும் தகுதி இரக்கத்தோடு பிறக்கிறது என்ற ஓரிடத்தில் இருவரும் சந்திக்கிறார்கள்.

இதைப் பூநாரையிடம் வைத்துப் பார்க்கலாம். பழவேற்காடு ஏரியிலும் கோடியக்கரையின் உப்பளப் பரப்புகளிலும் குளிர்காலத்தில் கூடும் பெரிய பூநாரை, நிற்கும்போது பெரும்பாலும் வெளிறிய இளஞ்சிவப்பு கலந்த வெண்மை. அதன் பெருஞ்செல்வம் மடித்த சிறகுக்குள் இருக்கிறது. விரித்தால்தான் அந்தக் குருதிச் சிவப்பும் ஓரத்துக் கருமையும் வெளிப்படும். பறக்காத பூநாரை பாதிப் பூநாரை என்று கேமராவோடு வருபவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆழமில்லாத நீரில் அவை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்று நீரை வடிகட்டித் தின்றுகொண்டிருக்கின்றன. ஆள் நெருங்குகிறார். முதலில் ஓரத்தில் இருக்கும் சில கழுத்துகள் நிமிர்கின்றன. பிறகு எல்லாக் கழுத்துகளும் நிமிர்கின்றன. மேய்ச்சல் நின்றுவிட்டது. கூட்டம் இறுகி, ஒரே திசையில் நடக்கத் தொடங்குகிறது. நடை ஓட்டமாகிறது. சிறகடித்தபடி நீரின்மேல் பல அடிகள் ஓடி, கடைசியில் எழுகிறது. ஷட்டர்கள் தொடர்ந்து ஒலிக்கின்றன. வந்த படம் எல்லா வகையிலும் அழகானது. பார்ப்பவர் அதில் படிப்பது விடுதலை. நடந்தது அச்சம். மேய்ந்துகொண்டிருந்த உயிர் அஞ்சி ஓடியதை, வானில் மகிழ்ந்து எழுந்ததாக அந்தப் படம் சொல்கிறது. சொல்லுக்கும் நடப்புக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கும்போது அதற்குப் பொய் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

முதல் மறுப்பு இப்படி வரும். பறவை மெய்யாகவே பறந்தது. சிறகு, நிறம், ஒளி எல்லாம் மெய். படம் 'விடுதலை' என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. பார்ப்பவர் தாமாகப் படித்துக்கொண்டதற்கு எடுத்தவர் எப்படிப் பொறுப்பாவார்? அதோடு, படம் உரை மட்டும்தான் என்றால் அறிவியல் அதிலிருந்து எதையும் கற்றிருக்க முடியாதே என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கான விடையிலேயே முதலாவதற்கும் விடை இருக்கிறது. பறவைப் பறத்தலைப் படத்தால் ஆராய்ந்தவர்களில் முன்னோடி பிரான்சின் எத்தியென் ழூல் மரே. 1882இல் துப்பாக்கி வடிவத்திலேயே ஒரு கேமரா செய்தார். குண்டுக்குப் பதிலாக அது நொடிக்கு 12 படங்களை எடுத்தது. அவருடைய படங்கள் அறிவைத் தந்தன என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எவ்வளவு, பறவை எது, எந்த நிலையில் பறந்தது என்று அவர் சொன்னதும், அந்தச் சொல்லை நாம் நம்பியதும்தான் காரணம். சொல்லை நீக்கிவிட்டால் மிஞ்சுவது பன்னிரண்டு நிழல்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தத் துப்பாக்கிக்கு முன்பு மரே, பறவைகளின் உடலில் கவசம்போல் கருவிகளைப் பூட்டி, குழாய்களை இணைத்து, சுழலும் தண்டில் கட்டிப் பறக்கவைத்துத்தான் சிறகசைவை அளந்தார். அப்படிப் பறப்பது இயல்பான பறத்தல்தானா என்ற ஐயம் அந்த முறையோடு ஒட்டியே இருந்தது. பறவையைத் தொடாமல், அது தன் போக்கில் பறப்பதை எட்ட நின்று அறியும் வழியைக் கேமராதான் திறந்தது. எந்த நிலையில் பறந்தது என்பது பறத்தலைப் பற்றிய அறிவின் பகுதி என்று அறிவியலே ஒப்புக்கொண்ட இடம் அது. பார்ப்பவர் எப்படிப் படிப்பார் என்பதும் எடுத்தவருக்குத் தெரியாததன்று. தெரிந்ததனால்தான் எழும்பும் பூநாரையைத் தேர்ந்து காட்டுகிறார், விரட்டிய ஆளை ஃபிரேமுக்கு வெளியே நிறுத்துகிறார்.

இரண்டாம் மறுப்பு தொல்லையின் அளவைப் பற்றியது. ஒருமுறை எழுந்து அமர்வதால் பறவைக்கு என்ன நேர்ந்துவிடும்? நாய் வந்தாலும் பருந்து வந்தாலும் எழுகிறதே. பறத்தல் பறவைக்கு மூச்சுபோல் எளிது என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. உண்மை வேறு. சிறகடித்துப் பறப்பது ஓய்வில் இருப்பதைவிடப் பல மடங்கு ஆற்றலைச் செலவிடும் வேலை. 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை ஒன்று, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 11 நாளில் ஏறத்தாழ 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் பறந்தது. உடலில் கட்டியிருந்த கருவி அதைப் பதிவு செய்தது. பிறந்து ஐந்து மாதமே ஆன பறவை அது. அந்தப் பயணத்துக்கான எரிபொருள் முழுவதும் புறப்படும் முன் சேற்று வெளிகளில் மேய்ந்து சேர்த்த கொழுப்பு. வலசைப் பறவை மேயும் ஒவ்வொரு மணியும் வரப்போகும் பயணத்துக்கான சேமிப்பு. அந்த நேரத்தில் அதை எழுப்புவது, மேய்ச்சலைக் கெடுப்பதோடு சேமித்ததையும் செலவிட வைப்பது. ஒருவர் ஒருமுறை செய்வது சிறிது. ஆனால் நல்ல ஒளியுள்ள அதே காலையில், அதே கரையில், ஒருமுறை மட்டும் என்று நினைத்து வருபவர் எத்தனை பேர் என்று பறவைதான் எண்ண வேண்டியிருக்கிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்ற சொல்லுக்குக் கொல்லுதலை மட்டும் பொருளாகக் கொள்ளவில்லை. பிடிப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது ஆகியவற்றையும், முட்டையையும் கூட்டையும் கலைப்பதையும் அதற்குள் அடக்குகிறது. கேமரா வேட்டைக்கு மாற்றாக வந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். விரட்டும் கை மாறாதவரை, மாறியது கருவி மட்டுமே.

மூன்றாம் மறுப்புதான் வலிமையானது. அழகான படங்கள் மக்களைப் பறவைகள்பால் திருப்புகின்றன. நேசம் வந்தால் ஏரிகளும் சதுப்பு நிலங்களும் காக்கப்படும். ஒரு கூட்டம் ஒருமுறை அஞ்சியதால் ஓர் இனமே பிழைக்குமென்றால், அந்தச் சிறு பொய்யை மன்னிக்கக் கூடாதா? வள்ளுவரே, குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்றாரே. ஆம், சொன்னார். ஆனால் அவர் வைத்த நிபந்தனையின் பாரம் முழுவதும் 'குற்றமற்ற' என்பதில் இருக்கிறது. எந்த உயிரின் நன்மைக்காக என்று சொல்கிறோமோ அந்த உயிரே விலைகொடுக்கும் நன்மையைக் குற்றமற்றது என்று எப்படி அழைப்பது? மேலும் அந்தப் படங்கள் கற்பிக்கும் நேசம் எத்தகையது? கண்முன்னே, கை எட்டும் தூரத்தில், எல்லாச் சிறகும் ஒருசேர விரிய எழுவதே பறவை என்று கண்ணைப் பழக்கிவிட்டால், தொலைவில் தலை கவிழ்ந்து மேயும் பறவை சலிப்பூட்டும். அந்தப் படத்தால் ஈர்க்கப்பட்டுக் கரைக்கு வருபவர் அதேபோல் ஒரு படத்தைத் தேடித்தான் வருவார், அதே வழியில்தான் அதைப் பெறுவார். பொய்ச்சாட்சி தன்னைப் போன்ற சாட்சிகளையே பெருக்கும். அப்படி வளர்வது பறவையின்மேல் நேசம் என்பதைவிடப் படத்தின்மேல் ஆசை என்பதே பொருந்தும்.

இறுதியாக ஒரு மறுப்பு. கரையில் மனிதர் நிற்பதே பறவைக்குத் தொல்லைதான். முற்றிலும் தொல்லை தராத பார்வை என்று ஒன்று இல்லை. அப்படியானால் எல்லாப் படமும் பொய்யா, கேமராவையே கீழே வைத்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. காலடியில் எறும்பு சாகாமல் நடக்க முடியாது என்பதால் நடப்பவரும் வேண்டுமென்றே மிதிப்பவரும் ஒன்றாகிவிடுவதில்லை. பறத்தலுக்கான காரணம் பறவையிடம் இருந்ததா, எடுத்தவரிடம் இருந்ததா என்பதே எல்லைக்கோடு. பறவைகள் தம் காரணங்களுக்காக நாள்தோறும் பறக்கின்றன. விடியலில் தங்குமிடம் விட்டு எழுகின்றன, ஓதம் ஏறினால் இடம் மாறுகின்றன, அந்தியில் திரும்புகின்றன. பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்புகின்றன என்பது தெரிந்தால் எந்தப் பக்கம் முகம் திரும்பும் என்பதும் தெரிந்துவிடும். இவற்றைக் கற்றவர் தொலைவில், தாழ்ந்து, அசையாமல் காத்திருக்கிறார். வாத்ஸ்யாயனரின் மூன்று இயல்புகளும் அந்தக் காத்திருப்பில் ஒன்றாக வந்து சேர்கின்றன. பறவையின் வழக்கத்தைக் கற்றதால் நேரே அறிந்திருத்தல். நெருங்காமல் நிற்பதால் இரக்கம். நடந்ததைத் தானே உண்டாக்காததால் உள்ளதை உள்ளபடி சொல்லும் தகுதி. பல நாள் படமே கிடைக்காமல் திரும்பவும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த ஒப்புதலே அவர் சாட்சிக்குப் பிணை. படம் கிடைத்தே தீர வேண்டும் என்று வருபவர் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் நாம் ஐயப்பட இடம் உண்டு. வெறுங்கையோடு திரும்பத் தெரிந்தவர் காட்டும் ஒரே ஒரு படத்தை நம்பலாம்.

பறவையைப் 'படம் பிடித்தார்' என்கிறோம். இன்னும் பெருமைப்படுத்த நினைத்தால் 'கேமராவில் சிறைப்பிடித்தார்' என்று எழுதுகிறோம். தமிழில் பிடித்தல் கையின் வேலையாகவும் இருக்கிறது, நெஞ்சின் வேலையாகவும் இருக்கிறது. கை பற்றுவதும் பிடித்தல், நெஞ்சு விரும்புவதும் பிடித்தல். ஒரே சொல்லுக்குள் இரண்டும் இருப்பதாலேயே ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாறுவது எளிது. பறவையைப் பிடிக்கும் என்பவர் பலர். அவர்களில் யாருக்குப் பறவை பிடிக்கும், யாருக்குப் பிடிபட்ட பறவை பிடிக்கும் என்பதை, பறவை எழுவதற்கு முந்தைய நிமிடத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே காட்டிக்கொடுக்கும். பற்று விட்டவர்கள் சென்ற வழியை, வானில் பறவை சென்ற வழிக்கு ஒப்பிடுகிறது தம்மபதம். இரண்டுமே பின்னால் தேடிப் போகிறவருக்குத் தடம் விடுவதில்லை. கேமரா அந்தத் தடத்தை மீட்டுத் தரும் என்று நம்புவது வீண். பறத்தல் முடிந்ததும் வானம் வெறுமையாகிவிடுகிறது. இந்த வழியே ஓர் உயிர் தன் காரணத்துக்காகச் சென்றது, நான் அதை எழுப்பவில்லை என்று சொல்லத் தகுதியுள்ள ஒருவர் கீழே நிற்கிறாரா என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. அப்படி ஒருவர் நின்றிருந்தால் அந்தப் படம் மெய்.